மூன்று பேரும் சரி சொன்னால்தான்

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. ஸ்டியரிங் அடுத்தவன் கையில் இருந்தாலும் பிரேக் தன் காலடியில் இருக்க வேண்டும். முருகவேலுக்கு அது முற்றிப்போய், வண்டியை விட்டு இறங்கிய பிறகும் போகவில்லை. மனைவி தோசை ஊற்றும்போது இவன் கை நீண்டு அடுப்பைக் குறைக்கும். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் மிதிப்பதற்கு முன்னால் இவன் கால் தரையை மிதிக்கும். அதையெல்லாம் வீட்டில் பொறுத்துக்கொண்டார்கள். சதுரங்கத்திலும் அப்படியே இருந்தான் என்பதுதான் தலைவலி.

ஏனென்றால் அவன் ஆடியது தனி ஆட்டம் இல்லை, கூடிப் பேசி ஆடும் ஆட்டம். அணிக்கு மூன்று பேர், மூன்று பேருக்கும் ஒரே பலகை. எதிரே உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் அதே போல மூன்று பேர். இணையத்தில் நடக்கும் லீக் அது. ஒவ்வொரு காயையும் தங்களுக்குள் பேசி, வாதாடி, ஒத்துப்போய் நகர்த்த வேண்டும். ஒரு மனிதன் தன் மனசுக்குள்ளேயே ஒத்துப்போவது கஷ்டம், இதில் மூன்று பேர் என்றால் கேட்கவா வேண்டும்.

திருவண்ணாமலை அணியின் மற்ற இருவரில் ஒருத்தி தேவிப்ரியா. கீழ்பென்னாத்தூரில் வீட்டில் இருந்தபடியே சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவள். அணியில் வயசில் சின்னவள். ஆட்டத்தின் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்கள் அவளுக்கு மனப்பாடம், மவுஸும் அவள் கையில்தான். அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மூன்று பேரும் வாய்விட்டு 'சரி' சொன்னால்தான் அவள் மவுஸைத் தொடுவாள்.

இன்னொருவர் த்ரிசலா. திருவூடல் தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். ஒரு வில்லையைப் போட்டு "இது தெளிவா இருக்கா?" என்பார். மாற்றிப் போட்டு "இல்ல, இது தெளிவா இருக்கா?" என்பார். சதுரங்கத்திலும் அதே கேள்விதான். தனியாளாக உட்கார்ந்து ஆடினால் முருகவேலிடம் பத்துக்கு ஏழு தோற்பார். ஆனால் மூவராக உட்கார்ந்தால் அந்த அம்மாள் கேட்கும் ஒரு கேள்வியில் கண்ணுக்கு முன்னால் இருந்த பனி விலகிவிடும். எதிராளி என்ன செய்வான் என்று எல்லோரும்தான் யோசிப்பார்கள். எதிராளி எதைச் செய்யாமல் சும்மா இருந்தால் நமக்கு ஆபத்து என்று யோசிக்கிறவர் அவர் ஒருவர்தான்.

இது முருகவேலுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். டீக்கடையில் ஊரைக் கூட்டிச் சொல்வான்: "எங்க அக்கா மூளை இருக்குதே, அது மாதிரி ஜில்லாவுலயே கிடையாது." இத்தனையும் டீக்கடையில். அக்காவின் முகத்துக்கு நேராக ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. பலகை முன்னால் உட்கார்ந்தாலோ, அவன்தான் முதலில் பேசுவான், நடுவில் பேசுவான், முடிவிலும் பேசுவான். கடிகாரம் ஓடி ஓடிச் சிவப்பாகி, இனி யோசிக்க நேரமில்லை என்றாகும்போது மற்ற இருவரும் 'சரி' என்பார்கள். அது சம்மதம் இல்லை, களைப்பு. அவனுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

லீக்கின் கடைசிச் சுற்று பௌர்ணமி அன்று வந்து விழுந்தது. லீக் நடத்துகிற வெளிநாட்டுக்காரருக்கு எங்கள் ஊர்ப் பௌர்ணமியைப் பற்றி என்ன தெரியும்? கிரிவலம் வருகிற ஜனம் அத்தனையும் சட்டைப்பையில் ஒரு போனோடுதான் வரும். மத்தியானத்துக்கு மேல் டவர் மூச்சு முட்டி நின்றுவிடும். எப்போதும் மூவரும் அவரவர் வீட்டில் இருந்தபடி போனில் கூடிப் பேசித்தான் ஆடுவார்கள். இந்த முறை அது நடக்காது. வேங்கிக்காலில் த்ரிசலா வீட்டில் கேபிள் வழி நெட் உண்டு. "எல்லாரும் இங்க வந்துடுங்க" என்று சொல்லிவிட்டார்.

வண்டிகளை வெளியிலேயே மறித்துவிட்டதால் முருகவேல் நடந்தே போனான். வேலூர் ரோட்டில் ஊருக்குள் வருகிற கூட்டத்துக்கு எதிராக, லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு. வழியில் ஒருவர், "தம்பி, மலை அந்தப் பக்கம்" என்று அக்கறையாகத் திருப்பிவிடப் பார்த்தார்.

த்ரிசலா வீடு சமண வீடு. பொழுது சாய்வதற்கு முன்னால் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். ஆட்டம் ஆறரைக்கு என்றாலும், வெளிச்சம் இருக்கும்போதே அவருடைய கணவர் அனந்த் இலையைப் போட்டு எல்லோரையும் உட்கார வைத்துவிட்டார். கூட்டு, ரசம், அப்பளம். முருகவேல் இரண்டாம் முறை ரசம் வாங்கும்போதுதான் த்ரிசலா சொன்னார், சாதாரணமாக, உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்.

"இந்த ஆட்டத்தோட நான் நிறுத்திக்கிறேன், முருகவேல். அடுத்த சீசனுக்கு வேற ஆள் பாத்துக்கோங்க."

ரசம் இலையில் ஓடியது. அவன் அதைத் தடுக்க மறந்தான்.

"ஏன்க்கா? வேலை ஜாஸ்தியா?"

"வேலை இல்லை. நான் சொல்றது உங்க காதுல விழுது. உள்ள போகல. அவ்ளோதான். கோபம்லாம் இல்லை, சாப்பிடுங்க."

தேவிப்ரியா இலையை விட்டுத் தலை தூக்கவில்லை. அனந்த் பேச்சை மாற்ற அப்பளத்தை நீட்டினார்.

முருகவேல் கை கழுவும்போதே கணக்குப் போட்டுவிட்டான். இன்று ஜெயித்தால் அணி மேல் பிரிவுக்குப் போகும். இரண்டு வருஷமாகக் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போன இடம் அது. மேல் பிரிவு என்று ஆனபிறகு எந்த மனுஷி விட்டுப் போவாள்? ஆக, அக்காவை நிறுத்திவைக்க ஒரே வழி, இன்று எப்படியாவது ஜெயிப்பது. அக்கா சொன்னதை அவன் கேட்டுக்கொண்ட லட்சணம் இவ்வளவுதான். காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

எதிர் அணி நார்வே நாட்டின் பெர்கன் நகரம். திரையில் மூன்று பட்டப்பெயர்கள், ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பச்சைப் புள்ளி. ஆட்டத்துக்கு முன்னால் இரு அணிகளும் நடுவரும் ஒரு பொது அறையில் குரல் வழியே வணக்கம் சொல்லிக்கொள்வது வழக்கம். பிறகு அவரவர் அங்கே மைக்கை மூடிவிட்டு, தனியாகத் தங்கள் போனில் கூடிப் பேசுவார்கள். இன்றைக்கு ஒரே மேஜையில் மூவரும் இருக்கும்போது போன் எதற்கு? வணக்கம் சொன்னபோது, பழக்கதோஷத்தில் அதே அறையைத் திறந்து வைத்திருந்த முருகவேலின் போனும் லேப்டாப்பும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு 'கீய்' என்று அலறின. தேவிப்ரியா காதைப் பொத்தினாள். முருகவேல் போனை அணைத்தான், குறுக்கே கை நீட்டி லேப்டாப்பின் சத்தத்தைச் சுத்தமாக இறக்கினான். "முடிஞ்சுது. இனிமே எவன் தொல்லையும் இல்லை" என்றான். பக்கத்தில் இருந்த அரட்டைக் கட்டத்தையும், கவனம் சிதறும் என்று அவனே மூடினான். எல்லாப் பிரேக்கும் அவன் காலடியில்.

ஆட்டம் நன்றாகவே தொடங்கியது. வெள்ளைக் காய்கள் இவர்களுக்கு. தேவிப்ரியா தனக்குத் தெரிந்த பாதையில் வேகமாக ஓட்டிக்கொண்டு போனாள். அதன் பிறகு பாதை முடிந்து காடு தொடங்கியது. மூவரும் குரலை உயர்த்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார், சொத்துத் தகராறு என்று நினைத்திருப்பார்.

பாதி ஆட்டத்தில், எதிராளியின் ராஜா இருந்த மூலைக்குப் பக்கத்தில் இவர்களின் குதிரை ஒன்று போய் நின்றது. பெர்கன் தன் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, போ வெளியே என்று குதிரையை மிரட்டியது. முருகவேலுக்குக் கண் பளிச்சென்றது.

"குதிரையை எடுக்காத தேவி. அங்கயே நிக்கட்டும். நம்ம ஓரத்துச் சிப்பாயைத் தள்ளு. அவன் குதிரையை அடிப்பான். நம்ம சிப்பாய் திருப்பி அடிக்கும். ஓரம் திறந்துக்கும், மூலை யானைக்கு ரோடு க்ளியர். அப்புறம் ராணி வருது, கதை முடிஞ்சுது."

"அவங்க அடிக்கலைன்னா?" என்றார் த்ரிசலா.

"சும்மா நிக்கிற குதிரையை எவன்க்கா விடுவான்?"

"விட்டா? ராணியை ஒரு கட்டம் முன்னாடி வெச்சு சும்மா இருந்தா? நம்ம குதிரைக்குத் திரும்ப வழியே இல்லை. அடுத்த மூவ்ல நிதானமா வந்து எடுத்துக்குவாங்க. நாம தோத்தோம்." அவர் விரல் பலகையின் மறுபக்கம் போனது. "குதிரை பின்னாடி வந்துடட்டும், ஒண்ணும் கம்மியாகாது. அப்புறம் இந்தப் பக்கம் இந்தச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம். அவங்க மந்திரி அடைபட்டுப் போகும், வெளிய வரவே முடியாது. நாம அவசரப்படவே வேணாம். இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?"

முருகவேல் பதில் சொல்லவில்லை, பேசினான். இரண்டும் வேறு வேறு. யானை, ராணி, ஓரம், மூலை என்று பேசிக்கொண்டே போனான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கடிகாரம் இறங்கிக்கொண்டே வந்து சிவப்பாயிற்று.

"சரி" என்றாள் தேவிப்ரியா, அழாத குறையாக.

த்ரிசலா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சரி" என்றார். அந்தச் சரியில் ஆட்டம் மட்டும் இல்லை, எல்லாம் முடிந்திருந்தது.

பெர்கன் வெகுநேரம் யோசித்தது. அப்போதுதான் தேவிப்ரியா, "அண்ணா, அவங்க டீம்ல ஒருத்தர் புள்ளி மங்கிப்போச்சு, பாத்தீங்களா? ரொம்ப நேரமா அப்படியே இருக்குது" என்றாள்.

"நெட்டு போயிருக்கும்."

"அங்க என்னண்ணா, பௌர்ணமியா?"

அவன் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கறுப்பு ராணி ஒரு கட்டம் நகர்ந்தால் செத்தோம் என்பது, இப்போது பேச்சு நின்ற பிறகு, அவனுக்கும் தெரிந்தது. அக்கா காட்டிய கட்டம் திரையில் ஓட்டைப் பல்லாகத் தெரிந்தது.

கறுப்புச் சிப்பாய் குதிரையை அடித்தது.

அதற்குப் பிறகு எல்லாம் அவன் சொன்னபடியே நடந்தது. ஓரம் திறந்தது, யானை இறங்கியது, ராணி வந்தது. பெர்கன் தோல்வியை ஒப்புக்கொண்டது. முருகவேல் நாற்காலியை உதைத்துத் தள்ளி எழுந்து, "மேல் பிரிவு! மேல் பிரிவு!" என்று கத்தினான். அனந்த் உள்ளறையிலிருந்து ஓடிவந்து கைகொடுத்தார். த்ரிசலாவும் சிரித்துக்கொண்டே கைகொடுத்தார். கொடுத்த கையால் தண்ணீர்க் குவளைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார். விருந்தாளிகளை வழியனுப்புகிறவர் செய்வது போல.

முருகவேலின் கத்தல் பாதியில் நின்றது. ஜெயித்தாயிற்று. அப்படியும் அக்கா போகிறார்.

"நன்றி சொல்லிட்டு வெளிய வந்துடலாம்ணா" என்று தேவிப்ரியா லேப்டாப்பின் சத்தத்தை ஏற்றினாள். ஏற்றியதும் ஓர் ஆண் குரல் அந்தக் கூடத்தில் கேட்டது.

"வணக்கம். வடிவா விளையாடினியள்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தேவிப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண் திரையின் மூலைக்குப் போயிருந்தது. அங்கே மைக்கின் படம் பச்சையாக, ஆட்டம் முழுக்கத் திறந்தபடி இருந்தது.

"நான் சகாதேவன். பெர்கன் அணியில மூண்டாம் ஆள். யாழ்ப்பாணம். இஞ்ச வந்து கன காலம். உங்கட மைக் திறந்து கிடக்கு எண்டு எழுதினனான், கதைச்சும் பாத்தனான். உங்களுக்குக் கேக்கேல்லை."

சத்தத்தை இறக்கினால் தன் வாயையும் அடைத்ததாக நினைத்தவன் எவன் என்று மேஜையில் யாரும் கேட்கவில்லை. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். சுவருக்கு அப்பால் நார்வே வரைக்கும் உண்டு என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

"அப்போ..." முருகவேல் திரையை நோக்கிக் குனிந்தான். "அந்தக் குதிரை விஷயம்..."

"எல்லாம் கேட்டது, தம்பி. சிப்பாய் அடிச்சால் என்ன, அடிக்காட்டில் என்ன, எல்லாம். அக்கா ராணியை எங்க வைக்கலாம் எண்டு சொன்னதும் கேட்டது."

"கேட்டுட்டும் ஏன் உங்க ஆளுங்க அடிச்சாங்க?"

"நான் சொல்லேல்லை."

அவர் அதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பிறகு விளக்கினார். நடுவர் ஏதாவது சொன்னால் கேட்பதற்காக அந்தப் பொது அறையை ஒரு காதில் வைத்திருப்பது அவர் வேலை. தமிழ் கேட்டதுமே தன் கூட்டாளிகள் இருவரிடமும் சொல்லிவிட்டார்: அவர்கள் பேசுவது எனக்கு விளங்குகிறது, இனி இந்த ஆட்டத்தில் நான் வாய் திறக்க முடியாது. பேச்சிலிருந்து விலகி, தன் புள்ளியையும் அணைத்துவிட்டார்.

"விதியில இதுக்கு ஒரு தடையும் இல்லை. உங்கட பிழைதானே. அவை ரெண்டு பேரும் சரி எண்டிட்டினம். என்ன கேட்டனி எண்டு ஒரு சொல் கேக்கேல்லை."

முருகவேல் மெல்ல உட்கார்ந்தான். விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, தன் ஆட்கள் குழியை நோக்கி நடப்பதைப் பார்த்தபடி, ஒரு மனிதர் எங்கோ ஒரு குளிர் ஊரில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். தன்னால் ஒரு நிமிஷம் அப்படி இருக்க முடியுமா? பக்கத்து இலையில் உப்புக் குறைந்தால்கூடச் சொல்லாமல் இருக்க முடியாத ஜென்மம் அவன். அவனுக்கு அந்த முகம் தெரியாத மனிதரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கும்பிட்டும்விட்டான், கேமரா இல்லாத திரையைப் பார்த்து.

"சார், டிராவா மாத்திக்கலாம். நடுவர்கிட்ட நானே சொல்றேன். இது எங்க ஜெயிப்பு இல்லை."

"வேண்டாம், தம்பி. என்ர ஆக்கள் ரெண்டு பேரும் யோசிச்சு அடிச்சவை. அது அவையின்ர பிழை. அதைப் பறிக்காதேங்கோ."

த்ரிசலா குவளைகளைக் கீழே வைத்துவிட்டு மேஜைக்கு வந்திருந்தார். "நீங்க ஹெட்போனைக் கழட்டி வெச்சிருக்கலாமே. கேட்டுக்கிட்டே வாயை மூடிட்டு இருக்கிறது எவ்ளோ கஷ்டம்?" என்றார்.

அந்தக் குரல் கொஞ்சம் தணிந்து வந்தது. "கழட்டத்தான் வேணும். மனம் வரேல்லை, அக்கா. இஞ்ச நான் இவ்வளவு காலமாச் செஸ் விளையாடுறன். தமிழ்ல ஒருத்தரும் என்னோட அதுக்காகச் சண்டை பிடிச்சதில்லை. விளையாட்டுப் போனால் போகட்டும் எண்டு இருந்து கேட்டன்."

தேவிப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், துடைக்கவே இல்லை என்பது போல மவுஸைத் துடைத்தாள்.

"ஒண்டு சொல்லட்டோ?" என்றார் சகாதேவன். "இப்ப விளையாட்டு முடிஞ்சுது, சொல்லலாம். அக்கா சொன்ன அந்தச் சிப்பாய், மற்றப் பக்கம், ஒரு கட்டம். அதைக் கேட்டவுடனே நான் பயந்தே போனன். அதை வைச்சிருந்தால் நாங்கள் என்ன செய்தாலும் தப்ப ஏலாது. குதிரையை நாங்கள் அடிக்காமல் விட்டிருந்தால் நீங்கள்தான் தோத்திருப்பியள். வைச்சுப் பாப்பமோ?"

வழக்கமாக இந்த இடத்தில் முருகவேல்தான் பேசியிருப்பான். அவன் பேசவில்லை. தேவிப்ரியாவிடமிருந்து மவுஸை வாங்கி, ஆட்டத்தை அந்த இடத்துக்குப் பின்னால் கொண்டுபோனான். குதிரையைப் பின்னால் இழுத்தான். அக்காவின் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான். கறுப்பு மந்திரி தன் சிப்பாய்களுக்கு நடுவே அடைபட்டு நின்றது. சகாதேவன் ஒரு வழி சொன்னார், அடைந்தது. இன்னொன்று சொன்னார், அதுவும் அடைந்தது. எந்தப் பக்கம் போனாலும் வெள்ளை அவசரமே இல்லாமல் ஜெயித்துக்கொண்டிருந்தது.

"என்ன ஒரு மூவ்க்கா!" என்றான் முருகவேல். டீக்கடைக்குச் சொந்தமான அந்த வாக்கியம் அன்றுதான் வீட்டுக்குள் வந்தது. "உங்க மூளை மாதிரி இந்த ஜில்லாவுலயே கிடையாது. இதை நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கேன். உங்ககிட்டதான் சொன்னதில்லை. கேக்கவும் இல்லை. இவர் நார்வேல இருந்து கேட்டாரு. நான் பக்கத்துல உக்காந்து கேக்கல."

த்ரிசலா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த சீசன்ல நான் கடைசியாத்தான் பேசுவேன்க்கா. முதல்ல நீங்க, அப்புறம் தேவி, அப்புறம்தான் நான். உங்களுக்குச் சம்மதம்னா."

"மூணு பேரும் சரி சொன்னாத்தான் மூவ்" என்றாள் தேவிப்ரியா, மவுஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு. "நான் சரி."

இருவரும் த்ரிசலாவைப் பார்த்தார்கள். அவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தன் சிப்பாய் நின்ற கட்டத்தை. இத்தனை நாளும் அவருடைய ஒவ்வொரு சரிக்கும் பின்னால் ஒரு கடிகாரம் துரத்திக்கொண்டு வந்திருக்கிறது. இன்று கடிகாரம் இல்லை. அவர் நிதானமாக யோசித்தார். வெளியே ரோட்டில் கிரிவலக் கூட்டம் பேசிக்கொண்டே போய்க்கொண்டிருந்தது. முருகவேலுக்குச் சொல்வதற்கு நாக்கு நுனியில் பத்து வார்த்தை வந்து நின்றது, பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றையும் வெளியே விடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் கால் பிரேக்கைத் தேடவில்லை.

ஆட்டம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்த அந்தப் பெரிய மனிதரால்தான் பொறுக்க முடியவில்லை.

"அக்கா," என்றது லேப்டாப், "சரி எண்டு சொல்லுங்கோவன்!"

த்ரிசலா சிரித்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பலகையின் முன்னால் உட்கார்ந்தார்.

"சரி" என்றார்.

முருகவேல் கடைசியாகச் சொன்னான்.